தடத்துக்கு வெளியே: பனி, பாதம், சாட்சியம்

1

தமிழில் இதைப் 'பனிச்சறுக்கு' என்கிறோம். இந்தச் சொல் பிழையான இடத்திலிருந்து தொடங்குகிறது. சறுக்குவது நமக்கு அடி தவறுவது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்னும்போது விழுகிற ஆனைதான் கண்ணில் வருகிறது. நோர்வேக்காரர் ஸ்கீயில் 'நடப்பதாக'ச் சொல்கிறார்கள். வடஸாமி மொழியில் அதற்கென்றே 'சுவொய்கத்' என்று ஒரு தனி வினைச்சொல் உண்டு. மலைக்கும் மேட்டுவெளிக்கும் போகிற ஸ்கீயின் சூட்சுமம் சறுக்காமல் இருப்பதில்தான் இருக்கிறது. காலை ஊன்றும் கணத்தில் பலகை பனியைப் பிடிக்க வேண்டும். பாரம் மற்றக் காலுக்கு மாறும் கணத்தில் அதே பலகை பனியை விட வேண்டும். பிடித்தலும் விடுதலுமான இந்த இயக்கத்தை வெறும் 'சறுக்கு' என்று பெயர்த்தபோது அதில் பாதியைத் தொலைத்துவிட்டோம்.

இயந்திரம் ஓட்டி அமுக்கி, இரண்டு கோடு இழுத்துவிட்ட தடத்தை விட்டு வெளியே போகிற ஸ்கீயைப் பற்றியது இக்கட்டுரை. நோர்வேயில் அதை 'மலை ஸ்கீ' என்பார்கள். அதை விளையாட்டுச் சாதனம் என்பதற்கு அப்பால் ஒரு பிரதியாக வாசித்துப் பார்க்க விரும்புகிறேன். அப்பிரதி யாருடைய பெயரில் வெளிவந்தது, அதற்குள் யாருடைய வாய்மொழி கிடக்கிறது, அந்த வாய்மொழியை யார் நம்பினார்கள், யார் நம்பவில்லை என்பவையே என் கேள்விகள். (வடக்குத் தேசத்துப் பூர்வகுடிகளான அம்மக்களைச் 'சாமி' என்று எழுதினால் தமிழில் அவர்கள் கடவுளாகிவிடுவார்கள். எனவே 'ஸாமி' என்றே எழுதுகிறேன். அவர்களைத் தெய்வமாக்குவதும் அவர்களை நம்பாமல் விடுவதற்கு ஒரு வழிதான்.)

2

தடத்தில் ஓடும் ஸ்கீ ஒல்லியானது, இலேசானது. அதற்கு ஒரேயொரு பனி தெரிந்தால் போதும், இயந்திரம் தட்டையாக்கிக் கொடுத்த பனி. மலை ஸ்கீ அகலம் கூடியது. இடையில் ஏறத்தாழ 60 மில்லிமீற்றர் இருக்கும், முன்னும் பின்னும் இன்னும் கொஞ்சம் அகன்றிருக்கும். ஓரங்களில் உருக்கு விளிம்பு. நிலத்தில் வைத்தால் நடுப்பகுதி வில்லாக மேலே வளைந்து நிற்கும். ஆளின் முழுப்பாரமும் ஒரு காலில் இறங்கும்போதுதான் அந்த வில் தட்டையாகி, நடுவில் பூசிய பிடிமெழுகு பனியைத் தொடும். சப்பாத்தின் விரல்பக்கம் மட்டும் பலகையோடு பிணைந்திருக்கும், குதிக்கால் விடுதலையாக இருக்கும்.

மெழுகு என்பது பனியை வாசிக்கிற கருவி. கடுங்குளிரில் விழுந்த புதுப்பனியின் படிகங்கள் கூர்மையானவை. அவை கடின மெழுகுக்குள் குத்திப் பிடித்து, பின் இலகுவாக விட்டுக்கொடுக்கும். பூச்சியப் பாகையை நெருங்க நெருங்கப் பனியின் கூர் மழுங்கும், மெழுகு இளக வேண்டும். உருகி உறைந்த பழம்பனிக்கு மெழுகு போதாது, பசை வேண்டும். கணக்குப் பிழைத்து, குளிர்ந்த பனிக்கு இளகிய மெழுகைப் பூசினீர்களோ, பனி பலகைக்கு அடியில் கட்டிபிடித்துக் குதியுயர்ந்த செருப்புப் போட்டவர் மாதிரி நிற்க வேண்டியதுதான். மெழுகின் தொல்லை வேண்டாமென்றால் அடியில் மீன்செதில் போல வெட்டிய பலகை இருக்கிறது, பின்னோக்கிய மயிருள்ள தோல்பட்டியும் இருக்கிறது. இரண்டும் ஏற்றத்தில் பிடிக்கும், இறக்கத்தில் வேகத்தைத் தின்னும்.

ஆழமான தூள்பனியில் அகலம் உங்களை மிதக்க வைக்கும். அதே அகலம் 20 கிலோமீற்றர் சமவெளியில் காலுக்குச் சுமை. விறைப்பான வில் இறுகிய பனியில் நன்றாக ஓடும், ஏற்றத்தில் பின்னால் வழுக்கும். மெதுவான வில் ஏற்றத்தில் பிடிக்கும், மெழுகை அரை நாளில் தேய்த்துவிடும். காற்று அடித்து இறுக்கிய சரிவில் உருக்கு விளிம்பு மட்டுமே துணை. எந்த நன்மையும் வேறொரு இடத்தில் இழப்பாக எழுதப்பட்டிருக்கிறது. 'எல்லாப் பனிக்கும் ஏற்றது' என்ற விளம்பர வாசகம் ஒரு பெருங்கதையாடல். மலை ஸ்கீயைக் கட்டவிழ்க்க நமக்குத் தத்துவம்கூடத் தேவையில்லை. இரண்டு மணித்தியாலம் நடந்தால் அதுவே தன்னைக் கட்டவிழ்த்துக் காட்டும்.

3

பின்மார்க் கரையோர மீன் தொழிற்சாலைகளுக்கு 1980களிலிருந்து தமிழர் போனார்கள். அப்படிப் போனவர்களில் ஒருவராகிய ஒரு அண்ணையோடுதான் முதன்முதலில் தடத்தை விட்டு வெளியே போனேன். சரிவு ஒன்றின் மேலே நின்றுகொண்டிருந்தோம். வெள்ளை வெளேரென்று, கோடில்லாத கொப்பித்தாள் மாதிரிக் கிடந்தது. எனக்கு இறங்க ஆசை. அண்ணை தடியால் குத்திப் பார்த்தார்.

"தம்பி, உது மழை குடிச்ச பனி. மேலை தகடு, கீழை மா. ஏறி நிண்டால் தாங்குறமாதிரி இருக்கும், திருப்பேக்கை உடையும். முழங்கால் உள்ளுக்கை போயிடும், பலகை முன்னுக்குப் போயிடும். குறுக்கை குறுக்கை போவம் வா."

நான் கேட்கவில்லை. போட்டுப் பார்த்தேன், விழுந்தேன். முழங்கால் மூன்று வாரம் வீங்கியிருந்தது. அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பிழைக்கவில்லை. உடையும் தகட்டில் முழங்காலை மடித்துத் திரும்பும் தெலெமார்க் திருப்பம் எடுபடாது, இரண்டு பலகையையும் சேர்த்துத் திருப்பினாலும் முனை அகப்படும். சரிவைக் குறுக்காக வெட்டிப் போய், நின்று, காலைத் தூக்கி மாற்றி வைத்து, மறுபடி குறுக்காக வர வேண்டும். பார்க்க அழகில்லை. வீடு வந்து சேரலாம்.

பிறகுதான் கவனித்தேன், அந்தத் தொழிற்சாலைத் தமிழரிடம் ஒரு பனி அகராதியே இருந்தது. தகட்டுப் பனி, மாப்பனி, சீனிப்பனி. ஊரில் 'பனி' என்ற ஒரு சொல்லுக்குள் விடியற்காலைப் பனித்துளியும் மார்கழி மூட்டமும் அடங்கிவிடும். அங்கே உடம்பு வேறு பேதங்களைக் கேட்டது, சமையலறையிலிருந்து சொற்களை எடுத்துக்கொண்டார்கள். இவற்றை யாரும் எழுதி வைத்ததில்லை.

ஸாமி மக்களிடம் இது பல நூறு சொற்களாக விரிந்திருக்கிறது. இங்கர் மரீ கவுப் ஐரா என்ற ஸாமி ஆய்வாளர் வடஸாமி மொழியில் பனி பற்றிய சொற்களையும் கருத்துகளையும் தொகுத்து 2012இல் ஆய்வேடாக்கினார். 'சுவொங்ஙு' என்றால் ஆளையும் கலைமானையும் தாங்குகிற வசந்தகால மேலோடு. 'செஅங்ஙாஷ்' அடியில் கிடக்கும், ஒட்டாத, மணிமணியான பனி. எங்கள் அண்ணையின் சீனிப்பனி அதுவேதான். 'சுவொக்கி' நிலத்தோடு ஒட்டி உறைந்து, கலைமானின் தீனியை மூடிவிடும் பனிக்கட்டிப் படை. இச்சொற்கள் அழகுக்காகப் பிறந்தவை என்ற ஒரு வாசிப்பு நமது இலக்கியவாதிகளிடம் வரக்கூடும். இவை தொழிற்சொற்கள். பனியின் நிறத்தைவிட அதன் மேல் யார் நடக்கலாம், எது அதைத் தோண்டித் தின்னலாம் என்பதையே பெரும்பாலும் சொல்கின்றன. ஒரு சொல் பிழைத்தால் மந்தை பட்டினி.

4

இனிச் சாட்சியத்துக்கு வருகிறேன்.

1883இல் சுவீடனைத் தளமாகக் கொண்ட நூர்டென்ஷோல்ட் என்ற ஆய்வுப்பயணி கிறீன்லாந்தின் உட்பனிப்பாறையில் ஏறினார். ஓரளவு உள்ளே போனதும் அவருடைய குழுவால் மேலே நகர முடியவில்லை. கூட வந்த இரண்டு ஸாமியரை ஸ்கீயில் முன்னே அனுப்பினார். பாவா லார்ஸ் துவோர்டா, அன்டர்ஸ் ராசா என்பன அவர்கள் பெயர்கள். 57 மணித்தியாலம் கழித்துத் திரும்பி வந்து, 230 கிலோமீற்றர் உள்ளே போய் வந்தோம், எங்கும் பனிதான் என்றார்கள். போகவர 460 கிலோமீற்றர்.

பலர் நம்பவில்லை. அந்த வெளியில் தூரத்தை அளக்க அவர்களிடம் இருந்தது உடம்பும் அனுபவமும்தான். தன் பெயரும் பந்தயத்தில் இருப்பதை உணர்ந்த நூர்டென்ஷோல்ட் 1884 ஏப்ரலில் யொக்மொக் பகுதியில் 220 கிலோமீற்றர் ஸ்கீ ஓட்டம் ஒன்றை நடத்த ஏற்பாடு செய்தார். துவோர்டாவே வென்றார். நேரம் 21 மணித்தியாலம் 22 நிமிடம். அதன் பிறகு பலருடைய வாய் மூடியது. அவ்வோட்டம் 2016இல் மீண்டும் உயிர்ப்பிக்கப்பட்டது. அது தாங்கியிருப்பது நூர்டென்ஷோல்டின் பெயரை.

இந்நிகழ்வு வழக்கமாக ஒரு வெற்றிக்கதையாகச் சொல்லப்படுகிறது. எனக்கு அதில் ஒரு நெருடல் உண்டு. பந்தயம் துவோர்டா சொன்னதை நிரூபிக்கவில்லை, சொன்னது சாத்தியம் என்பதை மட்டுமே நிரூபித்தது. கிறீன்லாந்தில் அவர் எவ்வளவு தூரம் போனார் என்பது வேறு கேள்வி, அது இன்றும் விவாதத்துக்குரியது. சாட்சி சொன்ன மனிதனைச் சொல்லால் நம்ப மறுத்து, அவனுடைய உடலைக் கொண்டுவா, திரும்பச் செய்து காட்டு என்று கேட்கிற ஒரு முறைமை இங்கே தொழிற்படுகிறது. உயர்குடி ஆய்வுப்பயணிகளின் குறிப்பேடு பொதுவாக அவர்களுக்குச் சாட்சியாகிவிடும். ஸாமியனுக்குக் கால்தான் சாட்சி, அதுவும் திரும்ப ஓடினால்.

என் அகதி விசாரணையில் ஓர் அதிகாரி, நீ சொல்கிற தூரத்தை ஓர் இரவில் நடந்து கடக்க முடியாதே என்றார். கையில் வரைபடம் வைத்திருந்தார். வயல் வரம்பில், மழைக்குள், பின்னால் வெடிச்சத்தம் கேட்க நடக்கிற வேகம் அந்த வரைபடத்தில் இல்லை. திரும்ப நடந்து காட்டவும் எனக்கு வழியில்லை. துவோர்டாவின் கதையை நான் பல வருடம் கழித்து வாசித்தேன். அவர் வென்றதில் எனக்குச் சந்தோஷம் வந்ததைவிட, வெல்ல வேண்டியிருந்ததில் எரிச்சல்தான் வந்தது.

5

துவோர்டா, ராசா ஆகியோரின் சாட்சியத்தை ஒருவர் தனக்கு வேண்டிய விதத்தில் எடுத்துக்கொண்டார். கிறீன்லாந்தின் உள்வெளி ஸ்கீக்கு ஏற்றது என்ற செய்தி 1883இல் நோர்வே இளைஞர் ஃபிரிட்யொஃப் நான்சனை எட்டியது. அதை ஸ்கீயில் குறுக்காகக் கடக்கும் எண்ணம் அவருக்குப் பிறந்தது அச்செய்தியிலிருந்துதான். 1888இல் ஆறு பேராகக் கடந்தார்கள். நான்கு நோர்வேக்காரர், இரண்டு ஸாமியர். அந்த இருவர் சாமுவேல் பால்ட்டோ, ஊலே நீல்சன் ராவ்னா. 1890இல் நான்சன் வெளியிட்ட நூல்தான் ஸ்கீயை உலகுக்கு அறிமுகம் செய்த பெரும்பிரதி. நோர்வேக்காரன் காலில் ஸ்கீயோடு பிறக்கிறான் என்று இன்றும் சொல்கிறார்களே, அந்தத் தேசியக் கதையாடலின் மூலபாடங்களில் ஒன்று அது. அன்று சுவீடனோடு முடியாட்சியால் பிணைக்கப்பட்டு, 1905இல் பிரியப்போகிற ஒரு நாட்டுக்கு இப்படி ஒரு வீரன் தேவைப்பட்டான்.

ஆனால் இந்நூலை நேர்மையாக வாசித்தால் அது தன் வாசகர்கள் கேட்ட கதையையே குலைக்கிறது. ஸ்கீயின் வரலாறு பற்றிய அத்தியாயத்தில் நான்சன் வட ஆசிய மக்களின் மொழிகளில் ஸ்கீக்கு உள்ள சொற்களைச் சேகரித்து ஒப்பிடுகிறார், அதன் தோற்றத்தை நோர்வேக்கு வெகு கிழக்கே தேடுகிறார். அவர்கள் கொண்டுபோன ஸ்கீகளில் ஒரு வகையின் அடியில் மெல்லிய உருக்குத் தகடும், பாதத்துக்குக் கீழே அத்தகட்டில் வெட்டிய இடைவெளியில் மயிருள்ள எல்க் தோலும் பதித்திருந்தது. வழுக்க உருக்கு, பிடிக்கத் தோல். பாதத்துக்குக் கீழே தோல் பதித்து இன்று விற்கிற மலை ஸ்கீயின் தத்துவம் முழுவதும் அங்கேயே இருக்கிறது, தோல் கட்டி நடப்பதோ வடக்கின் பழங்குடி மக்களிடம் அதற்கும் முந்தியது. பால்ட்டோ தன் வாயால் சொன்ன பகுதிகளுக்கும் நூலில் இடையிடையே இடமுண்டு. ஆக, மௌனமாக்குதல் நான்சனின் பக்கங்களில் முழுமையாக நடக்கவில்லை. அப்பக்கங்களைத் தேசம் வாசித்த விதத்தில்தான் பெரும்பகுதி நடந்தது. இதைச் சொல்வது நான்சனைக் காப்பாற்ற அல்ல. இரண்டு ஸாமியரும் கூலிக்காக வந்தவர்கள் என்பது அவருடைய மனக்குறைகளில் ஒன்று. சாகசம் செய்ய வசதியுள்ளவனுக்குக் கூலி ஒரு குறையாகத் தெரியும். மீன் வெட்டப் போன நமக்கு அப்படித் தெரிய நியாயமில்லை.

பால்ட்டோ 1898இல் கலைமான் வளர்ப்புத் திட்டமொன்றில் அலாஸ்கா போனார், 1921இல் அங்கேயே இறந்தார். 1925இல் நோம் நகருக்குத் தொண்டைக்கரப்பான் மருந்து கொண்டுபோன நாய்ச்சறுக்குவண்டியின் தலைநாய்க்கு அவருடைய பெயர் இருந்தது. அந்த நாய்க்கு நியூயோர்க் மத்திய பூங்காவில் சிலை நிற்கிறது. பால்ட்டோ என்று கேட்டால் இன்று உலகுக்கு நாய்தான் தெரியும்.

6

இது பழைய கதை என்று விட்டுவிட முடியாது. தடத்துக்கு வெளியே போகிற இன்றைய ஸ்கீக் கலாசாரம் 'தீண்டப்படாத வெளி', 'ஆளில்லா வெண்மை' என்ற சொற்களில் தன்னை விற்கிறது. நோர்வேயில் 1957ஆம் ஆண்டுச் சட்டம் திறந்த வெளியில் எவரும் நடந்து போகும் உரிமையை உறுதி செய்கிறது. மிக நல்ல உரிமை, நானும் அதை அனுபவிக்கிறேன். ஆனால் நான் 'வெறும் வெளி' என்று நின்று பார்த்த அந்தச் சரிவு யாரோ ஒருவரின் குளிர்கால மேய்ச்சல் நிலம். வசந்தத்தில், சினைப்பட்ட கலைமான்கள் உடம்பில் தெம்பில்லாமல் நிற்கும் காலத்தில், ஸ்கீக்காரர் ஒருவர் ஓசையின்றி வந்து இறங்கினாலே மந்தை கலைந்து ஓடும். வெண்மை வெறுமை என்ற வாசிப்பு அதிகாரத்துக்கு மிகவும் வசதியானது. போசன் தீபகற்பத்தில் மேய்ச்சல் நிலத்தின் மேல் காற்றாலைகள் எழுந்தன. அவை ஸாமியரின் பண்பாட்டு உரிமையை மீறுகின்றன என்று 2021 ஒக்டோபரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. காற்றாலைகள் நின்றபடியே நின்றன. 2023இல் ஸாமி இளைஞர்கள் ஒஸ்லோவில் அமைச்சு வாசல்களை மறித்து உட்கார வேண்டியிருந்தது. தீர்ப்பு கிடைத்த பிறகும் உடம்பைக் கொண்டுவந்து காட்டத்தான் வேண்டியிருக்கிறது.

சொற்களுக்கு நடந்ததும் இதனோடு சேர்ந்ததே. நோர்வே அரசு ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஸாமிப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடங்களில் நோர்வேயராக்கியது. உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் அறிக்கை 2023 ஜூனில் வந்தது, நாடாளுமன்றம் 2024 நவம்பரில் மன்னிப்புக் கேட்டது. 'சுவொங்ஙு' என்ற சொல்லை வகுப்பறையில் இழந்த பிள்ளை, சரிவின் மேலே நிற்கும்போது என்ன வைத்துப் பனியை வாசிக்கும்? மொழியை இழப்பதைப் பண்பாட்டு இழப்பு என்று மட்டும் பேசிப் பழகியிருக்கிறோம். இங்கே அது பாதத்தின் இழப்பும்கூட. போதாததற்கு, காலநிலையும் மாறிக்கொண்டிருக்கிறது. நடுக்குளிரில் மழை பெய்கிறது, அது உறைந்து 'சுவொக்கி'யாகிறது. அண்ணை சொன்ன மழை குடித்த பனி இனி அடிக்கடி வரும் பனி.

நான் இதற்கு வெளியே நின்று பேசவில்லை. அகதியாக வந்து, நம்பப்படாமல் இருந்து, பின் ஒரு நல்ல ஸ்கீயும் வாங்கி, இன்னொரு மக்களின் நிலத்தை 'வெளி' என்று அனுபவித்தவன் நான். ஒடுக்கப்பட்டவன் என்ற அடையாளம் எனக்கு அந்தச் சரிவை வாசிக்கக் கற்றுத்தரவில்லை. அண்ணையின் வார்த்தையையே நான் நம்பவில்லையே. படித்தவன் என்ற திமிர், வேறென்ன.

7

நோர்வேயின் ரைன்ஹைமன் மலைப்பகுதியில் டீகர்வார்டன் என்ற இடத்துப் பனித்திட்டு உருகியபோது 2014இல் ஒரு ஸ்கீ வெளிப்பட்டது. ஏழு வருடம் கழித்து, 2021இல், அதன் சோடி அருகிலேயே கிடைத்தது. ஏறத்தாழ 1300 வருடப் பழமை. முறுக்கிய பூர்ச்சக் கொடியாலும் தோலாலும் கட்டிய கால்கட்டு இன்னும் இருந்தது. இரண்டு பலகையும் ஒரே அளவானவை அல்ல, திருத்தி ஒட்டுப்போட்ட தழும்புகளும் உண்டு. யாரோ ஒருவர் தேய்ந்ததைத் திருத்தி, கிடைத்ததோடு கிடைத்ததைச் சேர்த்து, தடமில்லாத மலையைக் கடந்திருக்கிறார். அவர் எந்த மொழி பேசினார் என்று பலகையில் எழுதியிருக்கவில்லை. தேசியக் கதையாடல் விரும்புகிற வீரனை அதில் தேடுவது வீண்வேலை. பனியை அறிந்த ஒரு வேலைக்காரக் கை மட்டும் அதில் தெரிகிறது.

ஐராவைப் போன்ற ஸாமி ஆய்வாளர்கள் தங்கள் மக்களின் சொற்களைத் தாங்களே தொகுத்திருக்கிறார்கள். புலம்பெயர் இலக்கியம் என்று நாம் இதுவரை எழுதியவற்றில் பனி பெரும்பாலும் தனிமைக்கு ஒரு படிமமாகவே வருகிறது, வெள்ளையாக, மௌனமாக, ஊரின் எதிர்ப்பதமாக. அந்தப் படிமத்தை எழுதியவர்கள் யன்னலுக்கு உள்ளே இருந்தார்கள். வெளியே விடியற்காலை வேலைக்கு நடந்தவர்கள் தகடு, மா, சீனி என்று அதைப் பிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பலருக்கு இப்போது எழுபது வயதை நெருங்குகிறது, அவர்களுடைய பிள்ளைகள் நோர்வேச் சொற்களால் பனியைப் பேசுகிறார்கள். ஓர் ஒலிப்பதிவுக் கருவியோடு வடக்கே போக யாராவது ஆயத்தமென்றால் அண்ணை இருக்கிற இடத்தை நான் காட்டுகிறேன். போகிறவர் ஒன்றை மட்டும் மனதில் வைத்திருக்கட்டும்: அவர் தூரத்தையும் நேரத்தையும் சொல்லும்போது வரைபடத்தை எடுக்க வேண்டாம்.